முந்திரி ஓட்டு எண்ணெயும் ஒரு பாலிமர் ஆய்வாளரின் வேலையும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது பருப்பு அல்ல, உடைக்கிறவர்களின் விரல்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண் வரை கறுத்திருக்கும். தோல் வெந்து உரிந்து, புதுத்தோல் வந்து, அதுவும் உரிந்திருக்கும். என் அத்தை முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்தவர். உட்காரும்போதே பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல் வைத்துக்கொள்வார். விரலைச் சாம்பலில் தோய்ப்பார், வெயிலில் காய்ந்த கொட்டையைக் கல்மேல் நிறுத்துவார், கட்டையால் ஒரு தட்டு. ஓடு பிளக்கும், பருப்பு முழுசாக வந்துவிடும். கூடவே ஓட்டுச் சுவரிலிருந்து கசியும் பழுப்பு எண்ணெய் விரலில் ஒட்டும். பட்ட இடம் பொத்துப்போகும்.

அந்த எண்ணெய்தான் பின்னாளில் என் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று போனால் ஒரு கேள்வி தப்பாமல் வரும். "பாலிமர்னா பிளாஸ்டிக்தானே? அதத்தான் தடை பண்ணிட்டாங்களே, அதுல இன்னும் என்னா ஆராய்ச்சி?" தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பொருள்களுக்குத் தடை. அதே வருடம் புதுச்சேரியும் தடை கொண்டுவந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒரு பட்டியலுக்குத் தடை. அதனால் கேள்வி நியாயமானதுதான். பந்தியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வரியில் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பாலிமர் என்பது பிளாஸ்டிக்குக்கு இன்னொரு பெயர் அல்ல. சின்னச் சின்ன மூலக்கூறுகளை மல்லிகைச் சரம் போல ஒன்றோடொன்று கோத்து நீளமாக்கினால் அது பாலிமர். பருத்தி நூல் பாலிமர், அரிசியின் மாவுச்சத்து பாலிமர், இறால் ஓட்டில் இருக்கும் கைட்டின் பாலிமர், நம் தலைமுடியும் பாலிமர்தான். பிளாஸ்டிக் அந்தப் பெரிய குடும்பத்தில் நூறு வருடம் சொச்சத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த ஒரு கிளை.

மெழுகுவர்த்தியையும் பாலித்தீன் கவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சரக்கு. கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் தோளிலும் ஹைட்ரஜன். மெழுகில் அந்த வரிசை இருபது, முப்பது கார்பனோடு முடிந்துவிடும். பாலித்தீனில் ஆயிரக்கணக்கில் போகும். மெழுகு நகத்தால் கீறினாலே உதிர்கிறது, பாலித்தீன் இழுத்தால் நீள்கிறதே தவிர லேசில் அறுவதில்லை. நீளத்தால் மட்டும் எப்படி இவ்வளவு வித்தியாசம்? இடியாப்பத்தைப் பிட்டுப் பாருங்கள். ஒரு நூலை இழுத்தால் நாலு நூல் சேர்ந்து வரும். நீளமான சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்வதில்தான் பிளாஸ்டிக்கின் பலம் இருக்கிறது. இடியாப்பச் சிக்கல் என்று தொல்லைக்கு உவமை சொல்கிறோமே, எங்கள் துறைக்கு அதுதான் மூலதனம்.

இப்படி நீளமான மூலக்கூறு இருக்க முடியும் என்று ஜெர்மனியின் ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920-இல் எழுதியபோது பெரிய பெரிய வேதியியல் அறிஞர்களே ஏற்கவில்லை. சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான் என்றார்கள். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1953-இல், 72 வயதில். ஆராய்ச்சிக்கு வர நினைக்கும் பிள்ளைகளிடம் இந்த 33 வருடக் கணக்கைத்தான் நான் முதலில் சொல்வது.

அதற்குப் பின் வந்த தலைமுறைகள் ஒரே திசையில் ஓடின. அறக்கூடாது, கரையக்கூடாது, மக்கக்கூடாது. 1933-இல் இங்கிலாந்தில் எதிர்பாராமல் பாலித்தீன் கிடைத்தது, 1935-இல் அமெரிக்காவில் நைலான் வந்தது. நம் கரையில் அதன் பலனைக் கண்ணால் பார்க்கலாம். பருத்தி நூல் வலையை ஒவ்வொரு தடவையும் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் இற்றுப்போகும். நைலான் வலையும் தங்கூசி என்கிற நைலான் நரம்பும் வந்தபிறகு அந்தப் பாடு போயிற்று. அந்த இற்றுப்போகாத குணமே இப்போது வேறு விதமாக வந்து நிற்கிறது. கடலில் அறுந்துபோன வலை அடியில் கிடந்து, ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

ஆனால் நீண்ட ஆயுள் எப்போதும் குற்றமும் இல்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் 2009 முதல் பிவிசி பிசின் செய்யும் ஆலை ஓடுகிறது. மாவு போன்ற அந்த வெள்ளைத் தூள்தான் போர்வெல் குழாயாகவும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயாகவும் ஆகிறது. மண்ணுக்குள் புதைத்த பிவிசி குழாயிடம் ஐம்பது வருட உழைப்பை எதிர்பார்க்கிறோம். அதில் தவறு என்ன? ஓட்டலில் சாம்பார் கட்டித் தரும் கவருக்கு வேலை அரை மணி நேரம். அரை மணி வேலைக்கு, பல தலைமுறை தாங்கும் சரக்கு. நான் சண்டை போடுவது இந்தப் பொருத்தமின்மையோடுதான். ஒரு பொருள் எவ்வளவு காலம் தாங்க வேண்டும், தாங்கி முடித்தபின் எங்கே போகும்? இன்று பாலிமர் ஆய்வில் இருக்கிறவர்களின் வேலை ஏறக்குறைய முழுவதும் இந்த இரண்டு கேள்விக்குள் அடங்கும். இரண்டாவது கேள்வியை என் ஆசிரியர்களின் காலத்தில் பெரும்பாலும் யாரும் கேட்கவில்லை.

சரி, முந்திரிக்கு வருவோம்.

முந்திரி ஓட்டின் சுவர் தேன்கூடு மாதிரி. சின்னச் சின்ன அறைகள், அவற்றில் எண்ணெய். ஓட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு எண்ணெய்தான். பச்சையாக இருக்கும்போது அதில் பெரும்பகுதி அனகார்டிக் அமிலம். தோலைப் பொசுக்குவது இதுவும் இதோடு இருக்கும் கார்டாலும்தான். மாங்காய்ப் பால் பட்டு வாயோரம் வெந்த அனுபவம் நமக்கெல்லாம் உண்டு. சலவைத் துணிக்குக் குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையையும் பழைய ஆட்கள் அறிவார்கள். மா, முந்திரி, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம், எண்ணெய்களும் பங்காளிகள். ஜப்பானில் மரச்சாமானுக்குப் பூசும் பளபளப்பான அரக்குப் பூச்சும் இதே குடும்பத்து மரத்தின் பால்தான். காற்றுப் பட்டு அது தானாகவே பாலிமராக இறுகுகிறது.

எண்ணெயை 180, 200 டிகிரிக்குக் கொண்டுபோனால் அனகார்டிக் அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு நுரைத்து வெளியேறும். மிஞ்சுவது கார்டனால். அதன் வடிவம் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒரு முனையில் பீனால் எனும் ஆறு கார்பன் வளையம், அதிலிருந்து 15 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். 1907-இல் லியோ பேக்லாந்து உண்டாக்கிய பேக்கலைட், முழுக்கச் செயற்கையாகச் செய்த முதல் பிளாஸ்டிக், பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்ததுதான். நம் வீட்டுப் பழைய கறுப்பு சுவிட்சுகள் அந்தச் சரக்கு. பீனாலை இன்று கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். முந்திரி மரம் அதே வளையத்தைத் தன் ஓட்டுக்குள் செய்து வைத்திருக்கிறது. அதோடு அந்த வாலையும் சேர்த்துக் கொடுக்கிறது. வால் இருப்பதால் பிசின் பேக்கலைட் மாதிரி வெடுக்கென்று உடைவதில்லை, தண்ணீரையும் தள்ளிவிடுகிறது. சாப்பிடும் பொருளோடு போட்டியும் இல்லை. பருப்பை எடுத்தபின் மிஞ்சும் ஓடுதானே.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. போன நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அமெரிக்காவில் இந்த எண்ணெயிலிருந்து பிசின் செய்யத் தொடங்கிவிட்டார்கள். வண்டிகளின் பிரேக் லைனிங்கில் சேர்க்கும் உராய்வுத் தூள் பெரிய அளவில் இதிலிருந்துதான் வருகிறது. பண்ருட்டியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது உள்ளே தேய்வதில் கொஞ்சம் முந்திரி எண்ணெயும் இருக்க வாய்ப்புண்டு. கார்டனாலிலிருந்து செய்யும் ஃபீனால்கமைன் என்ற சரக்கு கப்பல் பெயின்ட்டை இறுக்குகிறது. ஈரத்திலும் குளிரிலும்கூட இறுக வைப்பதுதான் அதன் சிறப்பு.

இவ்வளவு நல்லது இருந்தும் எல்லாவற்றையும் ஏன் முந்திரியிலிருந்தே செய்யவில்லை? ஆய்வாளரின் தினசரிப் பாடு இங்கேதான் தொடங்குகிறது. அந்த வாலில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம், மூன்று வரையும் இருக்கலாம். எல்லாம் கலந்துதான் வரும். ஓர் ஊர்க் கொட்டை போல இன்னோர் ஊர்க் கொட்டை இராது, ஒரு பருவத்துக் கொட்டை போல அடுத்த பருவத்துக் கொட்டை இராது. வரத்தும் நிலையானதல்ல. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது முந்திரியும் பலாவும் காடு காடாகச் சாய்ந்தன. இங்கே உடைக்கும் கொட்டையில் ஒரு பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவதும் உண்டு. போன மாதம் வாங்கிய எண்ணெயில் சரியாக வந்த பிசின் இந்த மாதம் வராது. நிறமும் ஒரு தொல்லை. செம்பழுப்பாகவே இருக்கும், கண்ணாடி மாதிரித் தெளிவான பொருள் வேண்டுமென்றால் இதைத் தொட முடியாது. பார்மால்டிஹைடு வேறு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. அதைக் குறைக்க, முடிந்தால் விலக்க, வேறு வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் சற்று வாடும். முந்திரியிலிருந்து வந்த பிசின் மக்காது.

மரத்திலிருந்து வந்தால் மண்ணில் மக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது எதிலிருந்து வந்தது என்பது வேறு, எப்படி முடியும் என்பது வேறு. பிரேசிலில் கரும்பிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். கரும்பிலிருந்து வந்ததுதான், ஆனாலும் பாலித்தீன் பாலித்தீன்தான், மக்காது. மறுபுறம் பிபிஏடி என்ற சரக்கு பெட்ரோலியத்திலிருந்து வருகிறது, மக்கும். காரணம் சங்கிலியின் முதுகெலும்பில் இருக்கிறது. நுண்ணுயிரால் ஒரு முழுச் சங்கிலியை விழுங்க முடியாது, வெளியே நொதியைக் கக்கித் துண்டு போட்டுத்தான் உள்ளே இழுக்கும். கார்பனோடு கார்பன் மட்டும் கோத்த சங்கிலியில் அந்த நொதி கத்தி வைக்க இடம் கிடைப்பதில்லை. நடுவே ஆக்சிஜன் சேர்ந்த எஸ்டர் பிணைப்பு இருந்தால் தண்ணீரும் நொதியும் சேர்ந்து அங்கே வெட்டும்.

பிஎல்ஏ என்கிற பாலிலாக்டிக் அமிலம் அந்த எஸ்டர் வகை. மக்காச்சோளம் அல்லது கரும்புச் சர்க்கரையைப் புளிக்க வைத்து வரும் லாக்டிக் அமிலத்திலிருந்து செய்கிறார்கள். தயிர் புளிக்கிறதே, அதே அமிலம். மக்கும் கப், மக்கும் ஸ்பூன் என்று விற்பதில் பெரும்பாலும் இது இருக்கும். ஆனால் மக்கும் என்பதற்கு அளவுகோல் என்ன என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. வழக்கமான சோதனையில் உரக்குவியலை 58 டிகிரியில் வைத்திருப்பார்கள். 180 நாளுக்குள் அந்தப் பொருளின் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும். நம் தெருமுனைக் குப்பைக்கு அந்தச் சூடு தொடர்ந்து கிடைக்காது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் விட்டெறிந்த பிஎல்ஏ கப் வருடக்கணக்கில் கப்பாகவே கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக் வேண்டுமென்றால் மக்க வைக்கும் இடமும் வேண்டும். ஊருக்கு அந்த இடம் இல்லாமல் கப்பை மட்டும் மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமுவான் 1926-இல் ஒரு பாக்டீரியாவின் உடலுக்குள்ளேயே பாலிமர் இருப்பதைக் கண்டார். நாம் கொழுப்பைச் சேர்த்து வைப்பதுபோல அது சேர்த்து வைத்திருந்தது. பிஹெச்பி என்று பெயர். மண்ணிலும் மக்கும், கடலிலும் மக்கும். நூறு வருடமாயிற்று, இன்னும் விலைதான் கட்டவில்லை. எங்கள் துறையில் "ஆய்வகத்தில் முடியும்" என்பதற்கும் "கடையில் கிடைக்கும்" என்பதற்கும் நடுவே இருக்கும் தூரம் இவ்வளவு.

அந்தத் தூரத்தைக் கடப்பதுதான் இந்தத் தொழில். பாதை எளிதாகச் சொல்லிவிடலாம். வேதியியலோ இயற்பியலோ பி.எஸ்சி., எம்.எஸ்சி., அப்புறம் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு, ஐந்து வருடம் போல பிஎச்.டி. ஆய்வு மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், சென்னை போனால் கிண்டியில் 1968 முதல் இயங்கும் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட், அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம். பெயின்ட், டயர், குழாய், மருத்துவக் கருவி என்று வேலை தரும் இடங்களும் உண்டு. ஐந்து வருடம் அங்கே என்னதான் செய்கிறோம் என்பதை வீட்டுக்குப் புரிய வைப்பதுதான் கஷ்டம்.

ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன். டி.எஸ்.சி. என்று ஒரு கருவி, சூடேறும்போது பொருள் எவ்வளவு வெப்பத்தை வாங்குகிறது என்று அளக்கும். ஸ்டிக்கர் பொட்டு அளவுக்கு ஓர் அலுமினியக் கிண்ணி. அதில் 5 முதல் 10 மில்லிகிராம் மாதிரி, அதாவது ஒரு சில கடுகு எடை. இடுக்கியால் மூடியை எடுத்து வைத்து அழுத்த வேண்டும். மூச்சு பலமாக விட்டால் மூடி பறந்துவிடும். உள்ளே வைத்துச் சூடேற்றினால் திரையில் ஒரு கோடு நகரும். எந்த வெப்பநிலையில் கோடு லேசாகச் சரிகிறதோ அங்கே சங்கிலிகள் விறைப்பு நீங்கி நெகிழத் தொடங்குகின்றன என்று அர்த்தம். சாதாரண பிஎல்ஏ-வுக்கு அந்த இடம் 60 டிகிரி பக்கம். அந்தக் கப்பில் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றினால் கப் ஏன் துவள்கிறது என்பது அந்தச் சின்னச் சரிவில் தெரிந்துவிடும். இப்படி நூறு கோடு பார்த்தால் ஒன்று உருப்படும். ஐம்பது கிராம் குடுவையில் அமைதியாக நடந்த வினை ஐந்து கிலோவில் சூடு வெளியேற வழியில்லாமல் பொங்கிவிடும். பெரிய வினைகலனில் நான் செய்த முதல் வினை அப்படித்தான் இறுகிப்போய், கலக்கும் கம்பியோடு சேர்த்து உளியால் கொத்தி எடுத்தோம்.

இறுகியதை மறுபடி உருக்க முடியாது. முந்திரிப் பிசின் வகையறாவின் பெரிய குறை இது. தோசை மாவு தோசையான மாதிரி, திரும்ப மாவாகாது. பாரிஸில் லுட்விக் லெய்ப்லர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் ஒரு கதவைத் திறந்தது. விட்ரிமர் என்று பெயரிட்டார்கள். சங்கிலிகளுக்கு இடையே இருக்கும் முடிச்சுகள் சூடானால் அவிழ்வதில்லை, கை மாற்றிக்கொள்கின்றன. கும்மியில் ஒருத்தர் கையை விட்டு அடுத்தவர் கையைப் பிடிப்பது போல, வட்டம் அறாமலே ஆட்கள் இடம் மாறுவார்கள். அதனால் கெட்டியான பொருளையே பொடித்துச் சூட்டில் அழுத்தி மறுபடி தகடாக்கலாம். கார்டனாலிலிருந்து விட்ரிமர் செய்யும் முயற்சிகள் இப்போது பல நாடுகளில் நடக்கின்றன. முந்திரிப் பிசின் மக்க வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப வேலைக்கு வந்தால் போதும் என்பது என் நிலை.

எது நல்லது என்பதைப் பிறப்பிலிருந்து இறப்பு வரை கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். டென்மார்க் அரசு 2018-இல் வெளியிட்ட கணக்கில், பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தாலே ஒரு பருத்திப் பை சாதாரண பாலித்தீன் பைக்கு ஈடாக 52 தடவை பயன்பட வேண்டும் என்று வந்தது. தண்ணீர், உரம் எல்லாவற்றையும் சேர்த்தால் இன்னும் பல மடங்கு. இதைக் காட்டித் துணிப்பை வீண் என்று பேசுகிறவர்கள் உண்டு. என் பாட்டி, கல்யாண வீட்டில் கிடைத்த மஞ்சப்பையைக் கிழியும் வரை சந்தைக்குக் கொண்டுபோவார், கிழிந்தபின் அது கரித்துணி ஆகும். அவருக்கு 52 ஒரு வருடக் கணக்கு. அரசு 2021 டிசம்பரில் மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவந்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் கடைகளில் துணி மாதிரி கொடுக்கும் கலர் பைகளைக் கவனியுங்கள். நூல் ஓடாமல் காகிதம் போல அழுத்தியிருந்தால் பெரும்பாலும் அது பாலிபுரொப்பிலீன். ஓர் ஓரத்தை நறுக்கித் தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, மெழுகு வாசனையோடு சொட்டும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தை கேட்டார். "இத்தன வருசமா இந்த எண்ணெயவே படிக்கிறியே தம்பி, கையி வேவாம இருக்க ஒண்ணு கண்டுபுடிக்கக் கூடாதா?" அவர் கேட்டது கண்டுபிடிப்பே இல்லை. சாதா ரப்பர் கையுறை எண்ணெயில் ஊதித் தளர்ந்துவிடும், நைட்ரைல் கையுறை அதைவிட நன்றாகத் தாங்கும். பாலிமர் படித்த எவருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு மட்டும் இத்தனை வருடம் தோன்றவில்லை. கடலூரில் ஒரு மருந்துக்கடையில் நூறு கையுறை இருக்கும் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். நைட்ரைல் பெட்ரோலியச் சரக்கு, மக்கவும் மக்காது. தெரிந்தேதான் வாங்கினேன்.

அத்தை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பத்துக் கொட்டை தட்டியிருப்பார், நாலு பருப்பு உடைந்துவிட்டது. முழுப் பருப்புக்கும் உடைசலுக்கும் விலையே வேறு. "வெரலுக்குப் பருப்பு எங்க நிக்கிதுன்னு தெரியல" என்றார். கட்டை பிடிக்கும் வலது கையில் உறையை விட்டுவிட்டு இடது கையில் மட்டும் கழற்றினார். கொஞ்சம் யோசித்து அதையும் மறுபடி மாட்டி, கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினார். வெளியே தெரிந்த விரல் நுனிகளைச் சாம்பலில் தோய்த்துக்கொண்டு அடுத்த கொட்டையை எடுத்தார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்: விரல் நுனியில் எவ்வளவு மெல்லிசாக இருந்தால் பருப்பு தெரியும்?